மறுகால் பாய்ந்த கண்மாய்க்கரையிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் பாசனக் கண்மாய்க்கும் குடிநீர் ஊருணிக்கும் துணை நின்ற பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இந்தக் கார்த்திகையில் ஒரு விடியற்காலை எங்கள் கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. உபரிநீர் வெளியேறும் கலுங்கின் கல்வரிசையைத் தாண்டித் தண்ணீர் விழும் ஓசை கேட்டுக் கரைக்கு ஓடிவந்தவர்களில் இருபது வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளையும் அதற்கு முன் அந்த ஓசையைக் கேட்டதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் மழை பெய்யாமல் இல்லை. பெய்த மழை கண்மாய்க்கு வந்து சேர வழியில்லாமல் இருந்தது. அந்த வழியைத் திறந்துவிட்டவர்களுக்கு ஊர் சார்பில் நன்றி சொல்லும் கடமையைக் கண்மாய்ப் பாசன விவசாயிகளும் ஊருணிக் காவல் குழுவினரும் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அனைவருடைய பெயர்களையும் கிராம சபையில் வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட்டோம். பொதுவில் தங்கள் பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், இந்த மடலில் அவரவர் செய்த காரியத்தைக் கொண்டே அவரவரை அடையாளம் காட்டுகிறேன்.

எங்கள் திருவாடானை வட்டாரத்தை ராமநாதபுரம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்று சொல்வார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எங்களுக்குக் கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை தருவதைப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் நெல்லும் மிளகாயும் குடிநீரும். அதற்காகவே முன்னோர்கள் ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலாகும்படி, சங்கிலி கோத்ததுபோல் கண்மாய்களை வெட்டி வைத்தார்கள். அந்தச் சங்கிலியில் எங்கள் ஊருக்கு மேலே இருந்த கண்ணி அறுந்து கிடந்தது. வரத்துக்கால் சில இடங்களில் வயலாகவும், சில இடங்களில் சீமைக்கருவேலங்காடாகவும் மாறி, இளையவர்கள் எவருக்கும் அது எங்கே ஓடியது என்பதே தெரியாத நிலை வந்துவிட்டது.

ஆகவே முதல் நன்றி, மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் எங்கள் நீர்பாய்ச்சி ஐயாவுக்கு. எண்பதை நெருங்கும் வயதில், கையில் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, எங்களுக்கு மேலே உள்ள ஊரின் கலுங்கிலிருந்து எங்கள் கண்மாயில் தண்ணீர் தேங்கும் உள்வாய் வரை இரண்டு நாள் முள்ளுக்குள் எங்களோடு நடந்தார். எந்தப் பனைக்கு மேற்கே கால் திரும்பும், எந்த மேட்டில் தண்ணீர் தயங்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, பணி ஓய்வு பெற்ற நில அளவர் ஒருவர் புலப்படத்தை விரித்து அளந்துகொண்டே வந்தார். அந்த அளவர் பக்கத்து வட்டத்துக்காரர். எங்கள் ஊரில் அவருக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லை. தாளில் இருந்த கோடும் ஐயாவின் நினைவில் இருந்த கோடும் ஒன்றோடொன்று பொருந்தியதைக் கண்ட அன்றுதான் இந்தக் காரியம் முடியும் என்ற நம்பிக்கை எங்களுக்குப் பிறந்தது.

ஆவணங்களைத் தேடித் தந்தவர்களுக்கு அடுத்த நன்றி. ஜமீன் காலத்துக் கண்மாய் என்பதால், 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த நில அளவையின் பதிவுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் மனு எழுதுவது எப்படி, 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்வது எப்படி என்று சட்டக் கல்லூரியில் படிக்கும் எங்கள் ஊர்ப் பெண் திண்ணையில் அமர்ந்து எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கான 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தையும், ஊர்ப் பொது நிலங்களை மீட்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்ட 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் எளிய தமிழில் விளக்கிய வழக்கறிஞர், கட்டணமாக ஒரு ரூபாயும் வாங்கவில்லை. நீதிமன்றம் போவதற்கு முன் உட்கார்ந்து பேசுங்கள், பேசும்போது ஆவணம் கையில் இருக்கட்டும் என்று அவர் சொன்ன அறிவுரையால்தான் ஊர் இரண்டாகப் பிளவுபடாமல் தப்பியது.

வரத்துக்காலில் பயிரிட்டிருந்த குடும்பங்களை நினைக்கும்போது எனக்கு நன்றியோடு சேர்ந்து நெஞ்சும் கனக்கிறது. பணம் கொடுத்தவர்களையும் உழைப்பைக் கொடுத்தவர்களையும் நாங்கள் மாலையிட்டுப் போற்றினோம். கையில் இருந்ததை விட்டுக்கொடுத்தவர்களுக்கு அப்படி ஒரு மாலை விழவில்லை. இந்த மடல் முதன்மையாக அவர்களுக்காகவே எழுதப்படுகிறது. கணவரை இழந்து, அரை ஏக்கர் முண்டு மிளகாயை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு தாயின் கொல்லையில் பாதி, புலப்படத்தின்படி வாய்க்கால் புறம்போக்காக இருந்தது. அவர் ஆவணத்தைப் பார்த்தார், நீர்பாய்ச்சி ஐயாவின் முகத்தைப் பார்த்தார், பழம் பறித்து முடியும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டார். ஊர் பொறுத்தது. சித்திரையில் கடைசிப் பழம் பறித்த மறுநாள் அவரே நின்று வரப்பை வெட்டிக் காட்டினார். அவருக்கு நூறு நாள் வேலையில் வாய்ப்பும், மிச்ச நிலத்துக்கு முதல் மடையில் தண்ணீர் முறையும் கொடுப்பதாகக் கிராம சபை உறுதியளித்ததை ஊர் மறக்கக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன். இதற்கு மாறாக, வெளியூரிலிருந்து வந்து பெரும்பரப்பை வளைத்திருந்த ஒரு தரப்பினர் கடைசி வரை இணங்கவில்லை. வருவாய்த் துறை அலுவலர்கள் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து, அளந்து, மீட்டுக் கொடுத்தார்கள். அழுத்தங்களுக்கு இடையே கடமையைச் செய்த அந்த அலுவலர்களுக்கு எங்கள் வணக்கம்.

சீமைக்கருவேலத்தை அகற்றும் வேலையில் நாங்கள் முதலில் ஒரு தவறு செய்ய இருந்தோம். உள்வாய் முழுவதையும் இயந்திரத்தால் வேரோடு பிடுங்கி ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். அந்த முள்மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான் எங்கள் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் மழையில்லா ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கின்றன என்பதைக் கரிமூட்டத் தொழிலாளர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது எங்களுக்குத் தலை குனிந்தது. அதன் பிறகு, முறைப்படி ஏலம் எடுத்தவரோடு பேசி, வெட்டும் வேலையை அந்தக் குடும்பங்களுக்கே கொடுத்து, அவர்கள் விறகை எடுத்துச் சென்ற பின்னரே வேர் பிடுங்கும் இயந்திரத்தை இறக்கினோம். வேலை மூன்று மாதம் நீண்டது. பொறுமை காத்த விவசாயிகளுக்கும், எங்கள் கண்ணைத் திறந்த அந்தத் தொழிலாளருக்கும் நன்றி.

ஒரே கண்மாயில் நிலம் ஒரு துறை, தண்ணீர் ஒரு துறை, மரம் ஒரு துறை என்று பிரிந்து கிடப்பதை வேலையில் இறங்கிய பிறகே நாங்கள் முழுதாக உணர்ந்தோம். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. எங்களுடையது இரண்டாம் வகை. ஒன்றியப் பொறியாளரும் கிராம நிர்வாக அலுவலரும் ஒரே நாளில் ஒரே கரையில் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக ஊராட்சிச் செயலர் எத்தனை முறை பேருந்து ஏறினார் என்பதை அவர் சொல்ல மாட்டார். நாங்கள் சொல்கிறோம்.

வண்டல் எடுத்த கதை சுருக்கமானது. நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்று அரசு வைத்த அளவுக்குள், அனுமதி பெற்று, விவசாயிகள் தத்தம் டிராக்டரில் கரம்பை மண்ணை அள்ளித் தங்கள் நிலத்தில் பரப்பினார்கள். டிராக்டர் இல்லாதவர் நிலத்துக்கும் நடை அடித்துக் கொடுத்த ஓட்டுநர் தம்பிகளுக்கு நன்றி. டீசல் செலவுக்குச் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பணம் அனுப்பிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் நன்றி. வரவு செலவு நோட்டு ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. ஊருக்கு வரும்போது ஒவ்வொருவரும் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இனி ஊருணியைப் பற்றி. எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. கோடையில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு நெடுந்தூரம் போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். மழைநீர் தேங்கும் ஊருணித் தண்ணீரில்தான் பருப்பு வேகும் என்பார்கள் எங்கள் பாட்டிகள். கலங்கலாக இருந்தால் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துத் தெளிய வைப்பார்கள். அவ்வளவு அருமையான தண்ணீர் நெடுங்காலம் ஊரில் எல்லோருக்கும் பொதுவாக இல்லை என்பதை இந்த மடலில் மறைக்க நான் விரும்பவில்லை. ஊர் வயல்கள் அனைத்துக்கும் மடை திறந்துவிட்ட நீர்பாய்ச்சி ஐயாவின் வீட்டுப் பெண்கள், ஊருணிப் படித்துறையில் இறங்காமல் ஓரமாக நின்று, யாராவது மொண்டு ஊற்றும்வரை காத்திருந்த காலம் ஒன்று உண்டு. பிறகு குழாய் வந்தது. ஊருணி பாழடைந்தது, பேச்சும் அடங்கியது. தூர்வாரப் போகிறோம் என்றதும் அந்தப் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

அதை எழுப்பியவர்கள் நீர்பாய்ச்சி ஐயாவின் தெருவைச் சேர்ந்த மகளிர் குழுவினர். குடியரசு நாளான சனவரி 26 அன்று நடந்த கிராம சபையில், ஊருணி சீரமைப்புத் தீர்மானத்தில் எல்லாத் தெருவினருக்கும் எல்லாப் படித்துறையிலும் சம உரிமை என்ற வரியைச் சேர்க்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டோம் என்று அவர்கள் எழுந்து நின்றார்கள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அப்போது எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் தலைமை ஆசிரியை, 1950ஆம் ஆண்டு அதே நாளில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கிணறுகளையும் குளங்களையும் படித்துறைகளையும் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்று எழுதி வைத்திருப்பதை வாசித்துக் காட்டினார். அதற்குப் பின் முதலில் கைதூக்கியவர், பழைய வழக்கத்தைக் கட்டிக் காத்த குடும்பம் ஒன்றின் மூத்த பெண்மணி. தீர்மானம் நிறைவேறியது. கேட்ட பெண்களுக்கும், வாசித்த ஆசிரியைக்கும், கைதூக்கிய அந்த அம்மாவுக்கும் ஊர் கடன்பட்டிருக்கிறது. ஊருணிக்குக் காவல் போடும் குழுவில் இன்று தெருவுக்கு இருவர் இருக்கிறார்கள்.

ஊருணித் தண்ணீர் நோய் கொண்டுவராமல் இருக்கவும் பலர் உழைத்தார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகச் சென்று தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார். களப் பரிசோதனைப் பெட்டியை வைத்துத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற ஐந்து பெண்கள் மழைக்கு முன்னும் பின்னும் முடிவுகளைக் கரும்பலகையில் எழுதி வைக்கிறார்கள். ஆடு மாடு இறங்காமல் சுற்றிலும் வேலி போட்டவர்கள் பழைய மாணவர்கள். கால்நடைகளுக்கெனத் தனியாகத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவர் எங்கள் ஊர்க் கொத்தனார். சிமெண்டுக்கு மட்டுமே பணம் வாங்கினார். கரையில் பனை விதை ஊன்றிய நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், தங்கள் கல்லூரி முகாம் முடிந்த பிறகும் இருமுறை வந்து முளைத்தவற்றை எண்ணிவிட்டுப் போனார்கள்.

கடைசி நன்றி, கண்மாய் மடைக்கு அருகில் நிலம் உள்ள தலைமடை விவசாயிகளுக்கு. தண்ணீர் நிறைந்த ஆண்டில் பகிர்வது பெரிதில்லை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நிறைந்த ஆண்டிலும் வாய்க்காலின் கோடியில் உள்ள எங்கள் கடைமடை காய்ந்து கிடந்த வரலாறு உண்டு. இந்த ஆண்டு முதல் தண்ணீரைக் கடைமடைக்கு விட்டு, மேல்நோக்கி முறை வைக்கலாம் என்று நீர்பாய்ச்சி ஐயா முன்மொழிந்தபோது, இழப்பு வந்தால் தங்களுக்குத்தான் என்று தெரிந்தே தலைமடைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஐயாவிடம் மடை திறக்கக் கற்றுக்கொள்ள இரண்டு இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தலைமடைக் குடும்பத்துப் பிள்ளை. நீர்பாய்ச்சிக்குப் பழைய வழக்கப்படி நெல்லாகக் கொடுப்பதோடு மாதச் சம்பளமும் கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கமே கொடுக்கும்.

எங்கள் மறுகால் தண்ணீர் போய்ச் சேரும் கீழூர்க் கண்மாயின் வரத்துக்கால் இன்னும் முள்ளடைந்து கிடக்கிறது. கீழூர்ப் பெரியவர்கள் சென்ற வாரம் வந்து பேசினார்கள். வரும் மாசியில் எங்கள் டிராக்டர்களும், மண்வெட்டிகளும், நில அளவர் ஐயா போட்டுக் கொடுத்த வரைபடமும் அவர்கள் ஊருக்குப் போகின்றன. எங்களுக்குக் கைகொடுத்த வழக்கறிஞரும் சட்டக் கல்லூரிப் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வர முடிந்த மற்றவர்களும் மண்வெட்டியோடு மேற்குக் கரையில் காலை ஆறு மணிக்குக் கூடுங்கள். கஞ்சி எங்கள் ஊர்ப் பொறுப்பு.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
கண்மாய்ப் பாசன விவசாயிகள், ஊருணிக் காவல் குழுவினர் சார்பில்
செயலாளர்