‘வாடிக்கையாளர் சேவையை மறுத்தார்’ என்ற பதிவை எதிர்த்து ஒரு புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
சாலையோர உதவிச் சேவை நிறுவனம்,
சென்னை.

பொருள்: ராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி – சாயல்குடி சாலையில் பழுதாகி நின்ற 1978ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி காருக்கு உதவி கிடைக்காதது, அதை மறைத்து எழுதப்பட்ட பதிவு, கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்தது ஆகியவை குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. கட்டணத்தைத் திருப்பித் தர இயலாது என்பதற்கு அதில் இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். வந்து சேர்ந்த மீட்பு வண்டியை வாடிக்கையாளரே திருப்பி அனுப்பிவிட்டார் என்பது ஒன்று. ‘வின்டேஜ்’ வாகனங்களுக்கு எங்கள் திட்டம் பொருந்தாது என்பது மற்றொன்று. பொருந்தாத காருக்கு மீட்பு வண்டியை எதற்காக அனுப்பினீர்கள்? அனுப்பியது சரி என்றால், பொருந்தாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? இரண்டில் எதைப் பிடித்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே நிற்காது.

திட்டத்தை விற்ற நாளிலிருந்தே தொடங்குகிறேன். கார் என் அப்பாவினுடையது. உங்கள் பிரதிநிதி வீட்டுக்கு வந்து ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், காரைச் சுற்றி வந்தார், பானெட்டைத் திறக்கச் சொல்லிப் படமும் எடுத்துக்கொண்டார். உங்கள் படிவம் சேஸிஸ் எண்ணுக்குப் பதினேழு இடங்களைக் கேட்டது. அந்தக் காலத்துக் கார்களின் சேஸிஸ் எண் அவ்வளவு நீளம் கிடையாது. படிவம் நகர மறுத்ததும் அவரே முன்னால் பூஜ்யங்களைப் போட்டு நிரப்பினார். நீங்கள் கொடுத்த சான்றிதழில் அந்தப் பூஜ்யங்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. பக்கத்திலேயே தயாரிப்பு ஆண்டு 1978 என்று அச்சாகியிருக்கிறது. ஆக, வண்டியின் வயது உங்களுக்குத் திடீரென்று தெரியவந்த செய்தி அல்ல. பணம் வாங்கும்போது தெரிந்த வயது, உதவி கேட்கும்போது குற்றமாகிவிட்டது.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவே கன்னியாகுமரி வரை போவது எங்கள் திட்டம். நான், என் மனைவி, அப்பா. தொண்டி, தேவிபட்டினம் எல்லாம் ஒரு தொந்தரவும் இல்லாமல் கடந்தோம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைப் பார்த்துவிட்டு ராமநாதபுரத்தில் தங்கி, மறுநாள் காலை திருப்புல்லாணி, கீழக்கரை வழியாக ஏர்வாடியைத் தாண்டினோம். வாலிநோக்கத்துக்குப் பிரியும் சாலைக்குச் சற்று அப்பால் கார் திணறியது, குலுங்கியது, நின்றது. கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் பிடிக்கும். ஐம்பதடி போவதற்குள் மீண்டும் அணைந்துவிடும். பிறகு அதுவும் இல்லை.

அந்த இடத்தை உங்கள் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இடப்புறம் உப்பளம். வலப்புறம் சீமைக்கருவேலங்காடு; உள்ளே புகுந்து உட்கார முடியாதபடி முள். நிழல் என்று சொல்ல ஓரிரண்டு பனைமரங்கள். உப்புக் குவியல்களில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். பதிவு செய்யப்படும் அழைப்பு என்று தொடக்கத்திலேயே உங்கள் இயந்திரக் குரல் அறிவிக்கிறது. ஆகவே நான் சொன்னதும் உங்களிடம் இருக்கும், உங்கள் ஊழியர் கேட்டதும் இருக்கும்.

அவர் கேட்டவை இவை. டிஸ்பிளேயில் எந்த எச்சரிக்கை விளக்கு எரிகிறது? டிஸ்பிளே என்று ஒன்று இந்தக் காரில் கிடையாது என்றேன். பேட்டரி இணைப்பைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டுங்கள், கம்ப்யூட்டர் தானாகச் சரியாகிவிடும் என்றார். கம்ப்யூட்டரும் கிடையாது என்றேன். ஆட்டோமேட்டிக் கியரா என்றார். ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் இருக்கும் கார் என்று விளக்கியபோது மறுமுனையில் நீண்ட மௌனம். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் கொடுத்த தாளில் இருந்த கேள்விகளைப் படித்தார். பழைய கார்களுக்கும் உதவுவோம் என்று விளம்பரம் செய்துவிட்டு, அந்தத் தாளில் பழைய கார்களுக்கென்று ஒரு வரிகூட எழுதிவைக்காதவர்கள்மேல்தான் கோபம்.

அடுத்தது ஊர்ப் பெயர். ஏர்வாடி, ராமநாதபுரம் மாவட்டம், தர்கா உள்ள ஏர்வாடி என்று ஒவ்வொரு அழைப்பிலும் சொன்னேன். பிற்பகலில் மீட்பு வண்டி ஓட்டுநர் ஒருவர் அழைத்தார்.

“சார், ஏர்வாடிக்கு வந்துவிட்டேன். கார் எங்கே நிற்கிறது?”

“ஊரைத் தாண்டிச் சாயல்குடி ரோட்டில் வாருங்கள். உப்பளம் தெரிகிறதா?”

“உப்பளமா? இங்கே வயலும் மலையும்தானே தெரிகின்றன?”

அவர் நின்றது திருநெல்வேலி மாவட்டத்து ஏர்வாடியில், நாங்குநேரிப் பக்கம். எங்களுக்கும் அவருக்கும் நடுவே தூத்துக்குடி மாவட்டம் முழுவதும் இருந்தது. தமிழ்நாட்டில் ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது அதிசயம் அல்ல. மாவட்டப் பெயரைச் சொன்ன பிறகும் வேறு மாவட்டத்துக்கு வண்டியை அனுப்புவதுதான் அதிசயம்.

இதற்குள் பழுது என்னவென்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. உங்களால் அல்ல. உப்பு ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று தானாகவே நின்றது. ஓட்டுநர் இறங்கி, அப்பாவை லாரியின் நிழலில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பானெட் பக்கம் வந்தார். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொன்னார். பெட்ரோல் பீய்ச்ச வேண்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்பின் அடியில் விரலால் தடவி முகர்ந்து பார்த்தார். “அண்ணே, டயாபிரம் போய்விட்டது. பெட்ரோல் மேலே ஏறாமல் கீழே கசிகிறது” என்றார். திருகுகளைக் கழற்றி அந்த வட்ட ரப்பர் துணியை வெயிலில் தூக்கிப் பிடித்தார். ஓரத்தில் பிறைபோல ஒரு கிழிசல், அதன் வழியாக வெளிச்சம் தெரிந்தது. இப்போது வரும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலப்பதால் பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் தாங்குவதில்லை என்றும் சொன்னார். டயாபிரம் கிழிந்ததற்கு உங்களை நான் குறை சொல்லவில்லை. பழைய காரில் இதெல்லாம் நடக்கும். நடக்கும் என்பதால்தான் உங்களுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டினேன்.

மாலை மங்கும் நேரத்தில் ராமநாதபுரத்திலிருந்து வேறொரு மீட்பு வண்டி வந்தது. முன்பக்கத்தைக் கொக்கியில் தூக்கி, பின்சக்கரங்களைத் தரையில் உருட்டியபடி இழுத்துச் செல்லும் வகை. இன்று ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இது போதும். அவற்றில் எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்குப் போகிறது. பத்மினியில் விசை பின்சக்கரங்களுக்குப் போகிறது. முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால், உருளும் பின்சக்கரங்கள், கியர் பாக்ஸிலிருந்து அவற்றுக்கு விசையைக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டையும், அதன் வழியாகக் கியர் பாக்ஸின் வெளியீட்டுத் தண்டையும் சுழற்றிக்கொண்டே வரும். எஞ்சின் ஓடாதபோது கியர் பாக்ஸுக்குள் எண்ணெயை வாரித் தெளிக்க எதுவும் சுழல்வதில்லை. மெதுவாகக் கொஞ்ச தூரம் போனால் பரவாயில்லை. உங்கள் அறையிலிருந்து வந்த உத்தரவோ மதுரைக்கு, நூறு கிலோமீட்டருக்கும் மேல். போய்ச் சேரும்போது நூறு ரூபாய்ச் சமாச்சாரமான டயாபிரம் பழுதோடு கியர் பாக்ஸும் போயிருக்கும்.

இதை நான் சொல்வதற்கு முன்பே உங்கள் வண்டியின் ஓட்டுநரே சொன்னார். அவருடைய நேர்மையை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். என் எதிரிலேயே கட்டுப்பாட்டு அறையை அழைத்துப் பேசினார். காரை முழுதாக மேடையில் ஏற்றிச் செல்லும் வண்டி கேட்டோம். இந்தப் பகுதியில் இல்லை என்றார்கள். புரொப்பல்லர் ஷாஃப்டின் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு இழுக்கலாமா என்று கேட்டோம். பாகங்களைக் கழற்ற அனுமதி இல்லை என்றார்கள். மதுரை வேண்டாம், பக்கத்தில் இருக்கும் சாயல்குடிக்கு மெதுவாகக் கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்டோம். எங்கள் பட்டியலில் உள்ள பணிமனைக்கு மட்டுமே என்றார்கள். இப்படியே தூக்குங்கள், இல்லையென்றால் புகாரை முடித்துவிடுகிறேன் என்று மேற்பார்வையாளர் சொன்னார். பழுது ஏற்பட்டால் பொறுப்பேற்பதாக எழுத்தில் தருவீர்களா என்றேன். அழைப்பு துண்டிக்கப்பட்டது. சிறிது நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது: ‘உங்கள் வேண்டுகோளின்படி சேவை ரத்து செய்யப்பட்டது.’

என் வேண்டுகோள் எதுவும் அப்படி இல்லை. நான் மறுத்தது சேவையை அல்ல, காரைப் பாழாக்கும் ஒரு முறையை. உங்கள் ஓட்டுநரும் அதையேதான் மறுத்தார்.

இருட்டிய பிறகு அதே உப்பு லாரிக்காரர் தமக்குத் தெரிந்த ஒருவரின் டிராக்டரை வரவழைத்து, கயிறு கட்டி, நடக்கும் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகச் சாயல்குடிக்கு இழுத்துவரச் செய்தார். மதுரையில் பழைய கார் பாகங்கள் விற்கும் கடைக்குப் போன் செய்தோம். மறுநாள் பஸ் பார்சலில் டயாபிரம் வந்தது. மீன்பிடிப் படகு எஞ்சின்களைச் சரிசெய்யும் மெக்கானிக் ஒருவர் அதை மாட்டினார். பெட்ரோல் கலந்திருக்கலாம் என்று எஞ்சின் ஆயிலையும் மாற்றினார். ஒரு மணி நேர வேலை. அன்று மாலையே தூத்துக்குடி போய்விட்டோம்.

இனி அந்த ‘வின்டேஜ்’ வாதம். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வாகனமே அந்த வகையில் சேரும். அதற்குத் தனிப் பதிவு உண்டு, எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் உண்டு, சாதாரணப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தத் தடையும் உண்டு. எங்கள் கார் 1978இல் பதிவானது. ஐம்பதை இன்னும் தொடவில்லை. சாதாரணப் பதிவை முறையாகப் புதுப்பித்து, காப்பீட்டோடு ஓடும் கார். அரசு வைக்காத பெயரை என் காருக்கு நீங்கள் வைத்து, அதைக் காட்டி என் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. உங்கள் நிபந்தனைத் தாளை வரிவரியாகப் படித்துவிட்டேன். அதில் வாகனத்தின் வயதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஆண்டுக் கட்டணம் முழுவதையும், டிராக்டர் வாடகை, பாகம், கூலி, சாயல்குடியில் தங்கிய செலவு ஆகியவற்றையும் ரசீதுகளின்படி திருப்பித் தர வேண்டும். ‘வாடிக்கையாளர் மறுத்தார்’ என்ற பதிவை நீக்கி, நடந்தது என்னவோ அதை எழுத வேண்டும். அன்றைய அழைப்புகளின் ஒலிப்பதிவுகளை அழிக்காமல் வைத்து, எனக்கும் பிரதி தர வேண்டும். அந்த ஓட்டுநர்மேல் நடவடிக்கை எதுவும் எடுக்கக் கூடாது. உங்கள் நிறுவனத்தில் அன்று தம் வேலையைத் தெரிந்து செய்தவர் அவர் ஒருவர்தான்.

பதினைந்து நாள்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாட்டுக்காகவும் நேர்மையற்ற வணிக நடைமுறைக்காகவும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். அந்தச் சட்டம் நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட வழி செய்திருக்கிறது என்பதால், சென்னைக்கு அலைய வேண்டிய கட்டாயமும் எனக்கு இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் இந்தப் புகாரை ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன்.

சான்றிதழ், ஆர்.சி. புத்தகம், உங்கள் குறுஞ்செய்தி, பதில் கடிதம், ரசீதுகள் ஆகியவற்றின் பிரதிகளும், கிழிந்த டயாபிரத்தின் படமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அசல் டயாபிரம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆணையம் கேட்டால் காட்டுவேன்.

இப்படிக்கு,
உங்கள் திட்டத்தின் சந்தாதாரர்,
புதுச்சேரி.