அக்காவுக்கு, ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள்

அக்கா,

நேற்றும் நீ படித்துறைக்கு வரவில்லை என்று தம்பி சொன்னான். மூன்று வருஷமாக அப்படித்தான். ஏன் என்று கேட்கிற உரிமை எனக்கில்லை. போன் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் இங்கே எழுதுகிறேன். உன் மகள் சம்மதம் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். ஊர், பேர் எதுவும் போடவில்லை. நாலு பேர் படிக்கிற இடம் என்பதால் சிலதைச் சொல்லாமலே விடுகிறேன். உனக்குப் புரியும்.

உன் மகளுக்கு இப்போது கர்ப்பத்தில் ஒன்பதாவது வாரம். அவர்களுடைய பாப்பாவுக்கு வந்த டே-சாக்ஸ் நோய் இந்தக் குழந்தைக்கும் இருக்கிறதா என்று பார்க்க, பன்னிரண்டாவது வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுப் பரிசோதனை செய்துகொள்வதென்று அவளும் அவள் புருஷனான நம் தம்பியும் முடிவெடுத்துவிட்டார்கள். ஊசி போட்டால் புள்ள தங்காது, ஆணா பெண்ணா பார்க்கத்தான் போகிறார்கள் என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

ஊசி குழந்தையைத் தொடாது, அக்கா. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, மரத்துப்போக மருந்து போட்டு, வயிற்று வழியாக நஞ்சுக்கொடிக்குள் மட்டும் ஊசியைக் கொண்டுபோவார்கள். உறிஞ்சுவது சில மில்லிகிராம் திசு. அதை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து, ஒட்டியிருக்கும் தாயின் திசுவை நுனி இடுக்கியால் பிரித்தெடுப்பார்கள். வேலையே அங்கேதான். தாயின் செல் கலந்துவிட்டால் குழந்தையின் ரிப்போர்ட் என்று அவளுடைய ரிப்போர்ட்டே வரும். அதனால்தான் அன்றைக்கே அவள் ரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அவள் நெகட்டிவ் குரூப் என்பதால், அவள் உடம்பு குழந்தையின் ரத்தத்தை எதிர்த்துவிடாமலிருக்க 72 மணி நேரத்துக்குள் ஆன்ட்டி-டி ஊசி போட வேண்டும். இதை நீயும் ஞாபகம் வைத்துக்கொள். கரு கலையும் அபாயம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நூற்றில் ஒன்று, அதற்கும் கீழே. ஆணா பெண்ணா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1994 சட்டப்படி அது குற்றம்.

பதினாறு வாரம் வரை பொறுத்துப் பனிக்குட நீரை எடுக்கலாமே என்று தம்பி கேட்டான். அந்த நீரில் செல் குறைவு. பல சமயம் வளர்த்தெடுக்க வேண்டியிருக்கும், அதற்கே இரண்டு மூன்று வாரம் போய்விடும். ரிப்போர்ட் கைக்கு வரும்போது குழந்தை அசைய ஆரம்பித்திருக்கும். அதை அவளால் தாங்க முடியாது. ரிப்போர்ட் எப்படி வந்தால் என்ன செய்வது என்பதை இங்கே எழுத மாட்டேன். அது அவர்கள் இரண்டு பேர் விஷயம். நீயும் நானும் அதில் வாய் வைக்கக் கூடாது.

அந்த இட்லிக் கொப்பரை மூடியை மறக்க முடியவில்லை, அக்கா. பாப்பாவுக்கு ஆறு மாசம், கூடத்தில் தூளியில் கிடந்தாள். அடுப்படியில் என் கை நழுவி மூடி விழுந்தது. இரண்டு கையும் விரிந்து, உடம்பு விறைத்து, கண் அகலமாகிவிட்டது. "புள்ள பயந்திருக்கு" என்று நீ திருநீறு பூசிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாய். நான் மூடியைத் தரையில் மெதுவாகத் தட்டினேன். மறுபடியும் அதே திடுக்கிடல். நாலாவது தட்டுக்கும் துளி குறையவில்லை. மற்றக் குழந்தைகளுக்கு இரண்டு மூன்று தடவையில் சத்தம் பழகிவிடும். டே-சாக்ஸ் நோயில் பழகுவதில்லை. அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஏழு வாரம் வாயைத் திறக்கவில்லை.

மன்னித்துவிடு. சொல்லியிருந்தாலும் மருந்து இருந்ததில்லை. மூளைச் செல்லில் சேரும் ஒரு கொழுப்பை உடைக்கிற என்சைம் அவளுக்கு இல்லை, அதைத் திரும்பக் கொடுக்க வழியுமில்லை. ஆனால் அந்த ஏழு வாரம் நீங்கள் மந்திரிக்கிற இடத்துக்கும் ஸ்கேன் சென்டருக்கும் அலைந்தது என்னால்தான். சொல்லியிருந்தால் நீ நம்பியிருப்பாயா? வலிப்பு வந்தபோது சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதே, ஒருக்களித்துப் படுக்க வை என்று எத்தனை தடவை சொன்னேன்? கழுத்து நிற்காத குழந்தைக்குப் படுக்கவைத்துப் பால் புகட்டாதே, நெஞ்சுக்குள் போகும் என்று சொன்னதற்கு "நாலு புள்ள வளத்தவ நான்" என்றாய்.

கண் டாக்டர் விழித்திரையில் சிவப்புப் புள்ளி பார்த்தாரே, அதுவும் அந்தக் கொழுப்பால்தான். சுற்றியுள்ள செல்கள் கொழுப்பேறி வெளுத்துவிடும். நட்ட நடுவில் அந்தச் செல்கள் கிடையாது, அதனால் அந்த இடம் மட்டும் சிவப்பாகத் தெரியும். லண்டனில் வாரன் டே என்ற டாக்டர் 1881-லேயே பார்த்து எழுதியது. "நெட்டுல யூதருங்க வியாதின்னு போட்டிருக்கே, நமக்கு எப்படி வரும்" என்றாய். எந்த ஜாதிக்கும் வரும். அந்த மக்களே 1971-லிருந்து கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ரத்தம் கொடுத்துப் பார்த்து, தங்களுக்குள் இந்த நோயைப் பெருமளவு ஒழித்துவிட்டார்கள். அதை அவமானமாக நினைக்கவில்லை.

நம் வீட்டில் நடந்தது இதுதான். நம் அப்பாவின் மரபணுவிலோ அம்மாவின் மரபணுவிலோ இருந்த ஒரே எழுத்துப்பிழை தம்பி வழியாக ஒன்று, உன் வழியாக உன் மகளுக்கு ஒன்று என்று இரண்டு பக்கமாக வந்து பாப்பாவிடம் சேர்ந்தது. ஒரு பிரதி மட்டும் இருக்கிற உனக்கு ஒன்றும் செய்யாது. எனக்கும் இருக்கலாம். மகளை மாமனுக்கே கொடுத்தால் சொத்து வெளியே போகாது என்று நீ சொன்னபோது நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை. அந்தப் பங்கை உன் தலையில் மட்டும் ஏற்ற மாட்டேன். ஆனால் இப்போது உன் சின்ன மகனுக்கும் சொந்தத்திலேயே பெண் பார்க்கிறாயாமே? எப்படி மனசு வந்தது உனக்கு? அவனிடம் அந்தப் பிரதி இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஊதா மூடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் போதும். பாப்பாவிடம் எந்த எழுத்து மாறியிருந்தது என்று ரிப்போர்ட் இருப்பதால், அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் முடிந்தது.

பாப்பாவின் முதல் சாம்பிள் பஸ் பார்சலில் வெயிலில் கிடந்து வீணாகி, அவளை இரண்டாம் தடவை குத்தியது உனக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரியும். என்சைம் பார்க்கிற ரத்தம் சூடாகவும் கூடாது, குளிரில் பனிக்கட்டியாக உறையவும் கூடாது. இந்தத் தடவை எல்லாவற்றையும் நானே கையில் கொண்டுபோகிறேன்.

நாலில் மூன்று பங்கு நல்லபடியாகவே வரும், அக்கா. ரிப்போர்ட் வர இரண்டு வாரம் ஆகும்.

ஊசி போட்ட பிறகு இரண்டு நாள் குடம் தூக்கக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது. காய்ச்சலோ நீர்க்கசிவோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த இரண்டு நாளும் உன் வீட்டில் வந்து இருக்கலாமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள்.