அந்தப் பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள்

ஆப்பிரிக்க மிஷன் பள்ளிப் படங்களை வைத்திருக்கும் ஆவணக் காப்பகங்களுக்கு,

வணக்கம். நீங்கள் இணையத்தில் ஏற்றியிருக்கும் படங்களை ஒரு மாதமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கானாவின் அக்ரோபோங், மலாவியின் லிவிங்ஸ்டோனியா, தென்னாப்பிரிக்காவின் லவ்டேல். படம் பதிந்த பழைய கண்ணாடித் தகடுகளை உடையாமல் காப்பாற்றி எல்லோரும் பார்க்க வைத்ததற்கு முதலில் நன்றி.

ஆனால் படத்துக்குக் கீழே இருக்கும் வரிதான் நெஞ்சை அறுக்கிறது. நடுவில் நாற்காலியில் இருக்கும் பாதிரியாருக்கு முழுப்பெயர், சுற்றி நிற்கும் நாற்பது பிள்ளைகளுக்கும் சேர்த்து ‘மாணவர்கள்’ என்று ஒரே சொல். ஒரு படத்தில் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் சிறுமி, சிலேட்டை இரண்டு கையாலும் மடியில் பிடித்திருக்கிறாள், படமெடுக்கும் நேரம் பார்த்துத் தலையைத் திருப்பிவிட்டாள் போல, முகம் மட்டும் புகையாகக் கலைந்திருக்கிறது. பக்கத்துப் பையன் அவள் தோளில் கை வைத்திருக்கிறான். அண்ணனா, யாரோவா, தெரியவில்லை.

காரணம் புரியாமல் இல்லை. இவற்றில் பல ஐரோப்பாவில் காணிக்கை திரட்ட எடுத்த படங்கள்; மிஷன் பத்திரிகையில் அச்சிட்டார்கள், மேஜிக் லாந்தர் என்ற விளக்குக் கருவியால் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். காசு போடுகிறவருக்குப் பிள்ளையின் பெயர் தேவைப்படவில்லை. சரி, அது அன்றைக்கு. இன்றைக்கும் அதே வரியை அப்படியே ஏற்றுவானேன்?

பெயர்கள் எங்குமே இல்லை என்றும் சொல்ல முடியாது. லவ்டேல் முதல்வர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1887-இல் வெளியிட்ட பதிவேட்டில் அங்கே படித்த இரண்டாயிரம் பேரின் பெயர்கள் இருக்கின்றன, பலருக்குப் படிப்புக்குப் பிறகு என்ன வேலைக்குப் போனார்கள் என்பது உட்பட. அந்தக் காலத்துப் படங்களை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சிலராவது கிடைப்பார்கள்.

அப்புறம், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று 1953-இல் தனியாகப் போட்ட பான்டு கல்விச் சட்டத்தால் தென்னாப்பிரிக்க மிஷன் பள்ளிகள் அரசின் கைக்குப் போவதற்கு முன் கடைசியாகப் படித்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். வகுப்புப் படத்தைக் காட்டினால் விரல் வைத்துச் சொல்லிவிடுவார்கள், இவன் இன்னார் மகன், இவள் என் தோழி என்று. அதனால் படங்களைப் பெரிதாக அச்சிட்டு அந்தந்த ஊருக்கே எடுத்துப் போங்கள். சோசா, ட்வி, தும்புக்கா என்று அவரவர் மொழியிலேயே கேளுங்கள். ஞானஸ்நானப் பெயரோடு வீட்டில் கூப்பிட்ட பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். தாத்தாவின் படத்தைப் பேத்தி கேட்டு வந்தால் கட்டணம் வாங்காதீர்கள்.

லவ்டேல் பக்கத்தில் இருக்கும் ஆலிஸ் ஊரிலிருந்தே தொடங்கலாம், இந்த வருடமே.