பவானி மாமாவுக்கு, தப்ரீஸிலிருந்து

தப்ரீஸ், ஈரான்
மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? இந்த ஊரில் குளிர் இன்னும் விட்டபாடில்லை, தெருவோரத்தில் அழுக்குப் பனி கிடக்கிறது. இன்னும் பன்னிரண்டு நாளில் நவ்ரூஸ், இவர்களுடைய புத்தாண்டு. அதற்கு முன்னால் வீட்டைக் கழுவித் துடைக்கிற வழக்கம் இருப்பதால், எந்த மாடிச் சுவரைப் பார்த்தாலும் கம்பளம்தான் காய்கிறது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். சாப்பாடு, டீ, அரட்டை, குட்டித் தூக்கம் எல்லாம் பல வீடுகளில் கம்பளத்தின் மேலேதான். டீயில் சர்க்கரை போடுவதில்லை. சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு உறிஞ்சுகிறார்கள். நாடு ஈரான் என்றாலும் தப்ரீஸில் வீட்டுப் பேச்சு துருக்கிக் கிளையான அசேரி. நாட்டின் ஆட்சிமொழியான பார்சி மட்டும் கற்றுக்கொண்டு வந்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி பேசுவது பாதிதான் புரியும்.

"ஒரு கம்பளத்துக்கு ஒரு வருஷமா, அவங்களுக்கு நாடா போடத் தெரியாதா? நம்ம குழித்தறியில ஆகாதா?" என்று கேட்டிருந்தீர்கள். விவரமாகவே எழுதுகிறேன்.

ஊடையை வீசுகிற நாடாவே இங்கே கிடையாது மாமா. ஜமக்காளத்தில் நிறமெல்லாம் குறுக்கே போகிற ஊடையில் இருக்கிறது, நெடுக்கே ஓடும் பாவு நூலை அது மூடிவிடுகிறது. இங்கே பாவும் ஊடையும் இரண்டுமே உள்ளே மறைந்துவிடும். மேலே தெரிவது முழுக்கத் தனித்தனியாகக் கட்டி வெட்டிய கம்பளி முடிச்சு. நெசவு என்பதைவிட எண்ணுகிற வேலை என்றே சொல்லலாம்.

தறி நிமிர்ந்து நிற்கும். மேல்மரம், கீழ்மரம் இரண்டையும் சுற்றிப் பருத்திப் பாவு வளையமாக ஓடுகிறது. நெய்தது ஏற ஏற ஆப்பைத் தளர்த்தி, துணியைக் கீழ்மரத்துக்கு அடியால் பின்பக்கம் இழுத்துவிட்டு மறுபடி இறுக்குகிறார்கள். அதனால் நெய்கிறவர் கை எப்போதும் ஒரே உயரத்தில் இருக்கும். தறியின் உயரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம்வரை போடலாம். மிதி இல்லை. பாவு இழைகளைப் பிரிக்கிற விழுது, ஒரு கோலில் கட்டிய நூல் கண்ணிகள்தான். பாவு இறுக்கம் ஓரிடத்தில் குறைந்தாலும் போச்சு: தறியில் இருக்கும்வரை தெரியாது, அறுத்து இறக்கியதும் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். எந்தத் துவைப்பும் அதைச் சரிசெய்யாது.

அடியில் சங்கிலிப் பின்னல், அதன்மேல் சில சென்டிமீட்டர் சாதா நெசவு, பிறகு முடிச்சு. தப்ரீஸில் கொக்கி முனையும் கத்தி அலகும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு பாவு இழைகளைப் பிடித்து, கம்பளி நூலைக் கொக்கியால் இரண்டையும் சுற்றி இழுத்தால் இரு நுனியும் நடுவில் வெளிவரும். கீழே ஒரு இழுப்பு, கத்தியால் ஒரு வெட்டு. இது துருக்கி முடிச்சு. காஷான், இஸ்ஃபஹான், நயீன் ஆகிய ஊர்கள் பக்கம் போடுவது பார்சி முடிச்சு: ஒரு இழையை முழுக்கச் சுற்றும், அடுத்ததன் பின்னால் நூல் சும்மா கடந்து போகும். நுணுக்கமான வளைவுக்குப் பார்சி முடிச்சுதான் என்று அந்த ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். இங்கே நெய்த நல்ல சரக்கைப் பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

ஒரு வரிசை முடிந்ததும் தடித்த ஊடை ஒன்று நேராக, விறைப்பாகப் போகும். சீப்புபோன்ற கனத்த இரும்புக் கருவியால் அடிக்கிறார்கள். பாவைப் பிரித்து மாற்றி, மெல்லிய ஊடை ஒன்றை வளைந்து நெளிந்து போகும்படி தளர்வாக விட்டு மறுபடி அடி. கடைசியில் கத்தரிக்கோலால் நுனிகளைச் சமமாக வெட்டுவது. மெல்லிய ஊடையை இறுக்கி இழுத்தால் இரண்டு கரையும் உள்ளே வாங்கிவிடும். அதிகம் தளர்த்தினால் அகலம் கூடி நடுவில் உப்பும். ஆகவே அளவுகோல் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து நெய்தால் அடிக்கிற பலம் ஒன்றாக இருக்காது, பூவேலை ஒரு பக்கம் ஏறிவிடும். அதற்காக இடம் மாற்றி உட்காருவதும் உண்டு.

இனிக் கணக்கு. தப்ரீஸில் 7 சென்டிமீட்டரில் எத்தனை முடிச்சோ அதுதான் 'ரஜ்'. 50 ரஜ் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5.1 லட்சம் முடிச்சு. 2க்கு 3 மீட்டர் கம்பளம் என்றால் 30 லட்சத்துக்கு மேல். நல்ல கைகாரர் நாளைக்கு எட்டாயிரம் முடிச்சு போட்டால்கூட ஒற்றை ஆளுக்கு 380 நாள் ஆகும். நீங்கள் கேட்ட ஒரு வருஷம் வந்தது இப்படித்தான். 60 ரஜ் என்றால் வேலை ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் பெருகி சதுர மீட்டருக்கு 7.3 லட்சத்தைத் தாண்டிவிடும்.

திருட்டும் இங்கேதான் நடக்கிறது. இரண்டு இழையில் கட்டவேண்டியதை நான்கு இழையில் கட்டிவிட்டால் பாதி வேலை மிச்சம். புதிதில் கண்ணுக்குத் தெரியாது, மிதிபட மிதிபடக் கம்பளி உதிர்ந்து அந்த இடம் வழுக்கையாகும். பூவேலையில் இப்படிச் செய்தால் வடிவம் கெட்டுவிடும் என்பதால், ஒரே நிறமான தரைப்பகுதியில்தான் செய்வார்கள். வாங்குகிறவர் கம்பளத்தைத் திருப்பிப்போட்டுப் பூவுள்ள இடத்தில் ஒருமுறை, பூவில்லாத வெறும் பகுதியில் ஒருமுறை எண்ண வேண்டும். குஞ்சத்தையும் பார்க்கலாம்: பாவு நூலே நீண்டு குஞ்சமாகியிருந்தால் கைவேலை, தனியாக வைத்துத் தைத்திருந்தால் அநேகமாக மெஷின்.

சாயம் உங்களுக்குப் பிடித்த விஷயம். சிவப்புக்கு நம் மஞ்சிட்டியின் இனத்துச் செடி ஒன்றின் வேர், இங்கே ரோனாஸ் என்கிறார்கள். ஒரு கிலோ கம்பளிக்குச் சுமார் 200 கிராம் படிகாரம் போட்டு முதலில் ஊறவைத்துச் சூடாக்கி, பிறகு வேர்த்தூள் தொட்டியில் மெதுவாகச் சூடேற்றுவது. கொதிக்கவிட்டால் சிவப்பு செத்துப் பழுப்படிக்கும். நீலத்துக்கு அவுரி, அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த சரக்கு. அதற்குப் படிகாரம் வேண்டாம், தொட்டியிலிருந்து பச்சையாக வெளியே வந்து காற்று பட்டதும் நீலமாவதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மாதுளைத் தோல், அக்ரூட் காய்த்தோல் எல்லாம் மஞ்சள், பழுப்புக்கு. கறுப்புக்கு இரும்பு சேர்த்த பழைய கம்பளங்களில் இரும்பு கம்பளியை அரித்து, கறுப்புக் கோடு மட்டும் பள்ளமாகியிருக்கும். இப்போது ரசாயனச் சாயமும் நிறையவே புழங்குகிறது. நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால் நிறம் விடுவது தெரிந்துவிடும்.

கம்பளியிலும் இரண்டு வகை. உயிருள்ள ஆட்டில் கத்தரித்தது எண்ணெய்ப்பசையோடு பளபளக்கும். அறுத்த ஆட்டுத் தோலில் சுண்ணாம்பு வைத்து உரித்தது வறண்டு, சாயத்தை ஒழுங்காகக் குடிக்காது. கடையில் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள்.

காஷான் ஊர், தெற்கே உள்ள பார்ஸ் மாகாணம் இரண்டு இடத்துக் கம்பள நெசவையும் யுனெஸ்கோ 2010இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே 2010இல் அமெரிக்கா ஈரான் கம்பளத்துக்குக் கதவைச் சாத்தியது, 2016இல் திறந்தது, 2018இல் மறுபடி சாத்தியது. பெயர் கிடைப்பது ஒன்று, சரக்கு போவது வேறு. நம் ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு நீங்கள் பார்க்காததா?

குழித்தறியில் ஆகுமா என்றால், பார்ஸ் நாடோடிகள் தரையில் படுக்கவைத்த தறியில்தான் நெய்கிறார்கள், படுக்கைத் தறி என்பதால் மட்டும் தள்ள முடியாது. ஆனால் ஊடையை அடித்து நெருக்குகிற அச்சும் மிதியும் இதற்கு வேலையற்றவை. வீணாகத் தறியைக் கழற்றாதீர்கள். நான்கு கட்டையில் ஒரு சட்டம் அடித்துச் சுவரில் சாய்த்து, 35க்கு 35 சென்டிமீட்டரில் 30 ரஜ் மாதிரி ஒன்று போட்டுப் பாருங்கள். வரிசைக்கு 150 முடிச்சு, பாவு 300 இழை, கரைக்குப் பக்கத்துக்கு நான்கு கூடுதல். மொத்தம் 22,500 முடிச்சு. பழகாத கைக்கு நாளைக்கு இரண்டாயிரம் என்று வைத்தால் பதினோரு பன்னிரண்டு நாள். பாவுக்குப் பருத்தி நூலைப் பல இழை சேர்த்து நன்றாக முறுக்கிக்கொள்ளுங்கள், முறுக்கு குறைந்தால் அடிக்கும்போது அறும். கடையில் விற்கும் ஸ்வெட்டர் நூல் வேண்டாம், மிதித்தால் சப்பையாகிவிடும். கொக்கிக் கத்தி ஒன்றை அடுத்த மாதம் ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், கைப்பையில் விடமாட்டார்கள்.

அத்தைக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்