மேனட்டியைத் தொட வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபுளோரிடா சுற்றுலா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அங்குள்ள கிரிஸ்டல் ரிவர் ஊரில் மேனட்டி என்னும் கடல்பசுக்களோடு நீந்தும்போது குழந்தைகள் அவற்றை ஆசைதீரத் தடவிக் கொடுக்கலாம் என்று ஒரு வரி வருகிறதே, அதை மட்டும் திருத்தி வெளியிட்டால் நல்லது. குடும்பத்தோடு அங்கே போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மேனட்டிக்கு உடம்புதான் பெரிது. மூன்று மீட்டர் நீளம், சுமார் 450 கிலோ எடை. ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, உடம்பு சூட்டை உண்டாக்கும் வேகமும் குறைவு. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் குளிரே அதைக் கொன்றுவிடும். குளிர்காலத்தில் மெக்சிகோ வளைகுடா சில்லிட்டதும் அவை கிரிஸ்டல் ரிவரில் உள்ள கிங்ஸ் பே என்ற விரிகுடாவின் ஊற்றுகளுக்கு வந்து சேர்வது இதனால்தான். ஊற்று நீர் வருடம் முழுக்க 22 டிகிரிதான். மனிதர்கள் கூட்டம் தொந்தரவு செய்தால் அது வெளியே, குளிர்ந்த நீருக்குத்தான் போக வேண்டும். அதனால்தான் துரத்துவது, மேலே ஏறுவது, தீனி போடுவது, தூங்குவதை எழுப்புவது, தாயையும் குட்டியையும் பிரிப்பது எல்லாமே அங்கே சட்டப்படி குற்றம். தொடாதீர்கள் என்று படகு ஏறும் முன்பே வீடியோ போட்டுச் சொல்கிறார்கள்.

தொடாவிட்டால் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். தடித்த ரப்பர் நீச்சலுடையே (வெட்சூட்) நம்மை மிதக்க வைத்துவிடும். காலை உதைக்காமல் முகத்தை மட்டும் நீருக்குள் வைத்துக்கொண்டு சும்மா கிடந்தால் போதும். அடியில் கிடந்த ஒன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை துடுப்பைக்கூட அசைக்காமல் மேலே வந்தது. மூக்குத் துளை இரண்டும் மூடி போட்டதுபோல் திறந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டு, மூடிக்கொண்டு இறங்கியது. ஒரு குட்டி தாயின் துடுப்புக்குப் பின்னால் வாய் வைத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தது. மேனட்டிக்கு மடி இருப்பது அக்குளில்! அந்தத் தாயின் முதுகில் படகு விசிறி கிழித்த தழும்புகள் வரிசையாக வெளுத்திருந்தன. ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு விலங்கையும் அடையாளம் வைப்பதே இந்தத் தழும்புகளை வைத்துத்தானாம். எனக்கு அதைக் கேட்டதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்றையும் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. 2021இல் மட்டும் ஃபுளோரிடாவில் 1,100க்கும் மேற்பட்ட மேனட்டிகள் செத்தன. கிழக்குக் கரையில் இந்தியன் ரிவர் காயலில் நீர் மாசுபட்டுக் கடற்புல் அழிந்ததால், பல பட்டினியிலேயே போயின. ஆனால் அமெரிக்க அரசு 2017இலேயே மேனட்டியை 'அழியும் நிலை'ப் பட்டியலிலிருந்து, ஆபத்து ஒரு படி குறைந்த பட்டியலுக்கு மாற்றிவிட்டது. அது அவசரப்பட்டு எடுத்த முடிவு என்பது என் எண்ணம். கிங்ஸ் பேயில் பரவாயில்லை, ஊர்க்காரர்களே முயற்சி எடுத்து நீருக்கடியில் புல் நட்டு வளர்க்கிறார்கள்.

அப்புறம், போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் நடுவிலிருந்து மார்ச் முடிய சீசன். விடியற்காலைப் படகுதான் நல்லது. வெயில் ஏறினால் கூட்டமும் ஏறும், கலங்கிய நீரில் ஒன்றும் தெரியாது. சும்மா இருக்க முடியாத சின்னப் பிள்ளைகள் இருந்தால் நீரில் இறங்கவே வேண்டாம். கிங்ஸ் பேயிலேயே உள்ள த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்றைச் சுற்றி மரநடைபாதை இருக்கிறது. ஆர்லாண்டோ பக்கம் தங்குபவர்களுக்கு ப்ளூ ஸ்பிரிங் பூங்கா கிட்டத்தில். மேனட்டி சீசனில் அங்கே யாரும் நீந்தக் கூடாது, கரையில் நின்றபடியே கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்