குடியுரிமை எடுக்கப்போகும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்குக் குரல் பதிவாகவே பதில் சொல்லப் பார்த்தேன், பாதியில் அழித்துவிட்டேன். இந்த மாதிரி விஷயம் பேசினால் நான் டீச்சர் ஆகிவிடுகிறேன் என்று உன் அக்கா சிரிக்கிறாள். எழுதினாலும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

அவுஸ்திரேலியக் குடியுரிமை எடுத்தால் அம்மாவுக்கு மனக்கஷ்டமா என்று கேட்டாய். எடு மகன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அங்கே சத்தியப்பிரமாணம் செய்வதற்கு முதல் இங்கே ஒரு விண்ணப்பம் போட்டுவிடு. இலங்கைப் பிரஜை ஒருவர் வேறு நாட்டின் பிரஜையானால் இங்குள்ள பிரஜாவுரிமை தானாகவே போய்விடும். யாரும் கடிதம் போட்டு அறிவிக்கமாட்டார்கள். முன்கூட்டியே விண்ணப்பித்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். போனபிறகு கேட்டும் திரும்பப் பெறலாம், சட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. எனக்கு அந்த இரண்டாவது வழி வேண்டாம். கையில் இருப்பதை விட்டுவிட்டுப் பிறகு கேட்டு வாங்குவது என்றாலே நம் குடும்பத்துக்கு ஆகாது. உன் தாத்தா பிரஜாவுரிமை கேட்டே கிழவனானவர்.

இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் மலையகத் தமிழரின் இந்தக் கதையை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருப்பாய். 1948 பெப்ரவரியில் சுதந்திரம் வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குக் காட்டு என்றது சட்டம். தோட்டத்து லைன் வீட்டில், லயத்துக் காம்பராவில் பிறந்தவனின் பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் எழுதி வைத்தார்கள்? கங்காணியின் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், பேர் இருந்திருக்கும், அவ்வளவுதான். 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் எடுத்துக்கொண்டார்கள். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானும் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த மற்றவர்களும் பாராளுமன்றம் போயிருந்தார்கள். 1952 தேர்தலில் அந்த ஆசனங்கள் காலி. தோட்டத்து வாக்கை நம்பி ஜெயித்த இடதுசாரிகளுக்கும் அதே அடிதான். தோட்டத்து ஜனங்கள் எப்படி வாக்களிப்பார்கள் என்ற பயம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று உன் மாமா சொல்வார். முழுக்காரணம் அது இல்லை, ஆனால் பெரிய காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்தில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலையில்தான் வந்தது. கொழும்பில் அரிசிக்கு மானியம் கொடுத்ததும் ஆஸ்பத்திரி கட்டியதும் இலவசக் கல்வி நடத்தியதும் பெரும்பாலும் அந்தக் காசில்தான். கொழுந்து பறித்தவளுக்கு மட்டும் வாக்குச்சீட்டு கிடையாது. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது குரலை உயர்த்தாமல் சொல்லி முடிப்பது எனக்கு எப்போதும் கஷ்டம்.

பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பிக்க 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் சொச்சம் பேருக்குத்தான் கிடைத்தது. தாத்தாவின் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். பிறகு 1964 ஒக்டோபரில் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். டெல்லியில் உட்கார்ந்து தலைகளைப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். தலைக்கு உரியவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரியம்மா குடும்பம் அந்த இந்தியக் கணக்கில் போனது. தோட்டங்களில் பஞ்சம் பட்ட எழுபதுகளில் ‘இங்கே கிடந்து சாவதைவிட அங்கே போகலாம்’ என்று பேர் கொடுத்தவர்கள் நிறையப் பேர். ஹட்டன் ஸ்டேஷனில் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் ராமேஸ்வரம். அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றே சொல்வார்கள். பெரியம்மாவுக்கு நீலகிரியில் டான்டீ தோட்டத்தில் வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியவர்களுக்காகவே தமிழ்நாட்டு அரசு போட்ட தேயிலைத் தோட்டம் அது. அங்கேயும் கொழுந்துதான், அங்கேயும் லைன் வீடுதான். இங்கே ‘இந்தியாக்காரி’, அங்கே ‘சிலோன்காரி’. கோத்தகிரிக்குப் போனபோது அவளே இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இங்கே மிஞ்சியவர்களுக்கு 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்தன. கடைசியாக 2003இல்தான் கதவை முழுதாகத் திறந்தார்கள். 1948 முதல் 2003 வரை! ஒரு மனிதன் பிறந்து, வேலை பார்த்து, பென்சன் எடுக்கிற வயது அது. தாத்தாவுக்கு அந்த 88ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடைத்தது. முதன்முதலாக வாக்களித்துவிட்டு வந்து, விரலில் மை காய்ந்த பிறகும் ஊதிக்கொண்டே இருந்தார்.

சரி, பழைய கதை போதும். இப்போது நாடு எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய்.

2024 கடைசியில் குடிசன மதிப்புக்கு ஆள் வந்தது. கையில் டெப்லட்டோடு ஒரு சின்னப் பெண், என்னிடம் படித்த பிள்ளைதான். வீட்டில் யார் யார் என்று கேட்டாள். உன் பேரைச் சொன்னேன். ‘வெளிநாட்டில் இருப்பவரை எழுத முடியாது டீச்சர்’ என்றாள். மொத்தம் 2 கோடியே 17 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் என்று கணக்கு வந்தது. 2012இல் 2 கோடியே 3 லட்சம். பன்னிரண்டு வருடத்தில் ஏறியது அவ்வளவுதான். பிறப்பு குறைந்துகொண்டே வருகிறது. 2014இல் மூன்றரை லட்சம் அளவில் இருந்தது 2024இல் இரண்டேகால் லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. நான் முதலில் படிப்பித்த தோட்டப் பாடசாலையில் முதலாம் வகுப்பில் பிள்ளைகளை இருத்த பெஞ்ச் போதாது. இப்போது பெஞ்ச் இருக்கிறது. இன்னொரு பக்கம் வயதானவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பணக்கார நாடாவதற்கு முதல் கிழட்டு நாடாகிவிட்டோம் என்று உன் மாமா சொல்வதை மறுக்க எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அந்தக் கணக்கில் எனக்கு உறைத்த இடம் வேறு. 1953 குடிசன மதிப்பில் இந்த நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் நம் ஆட்கள், மலையகத் தமிழர். 2012இல் 4.1. இப்போது 2.8. ஒப்பந்தத்தில் போனவர்கள் ஒரு காரணம். எண்பதுகளில் கலவரத்துக்குப் பயந்து போனவர்கள் இன்னொரு காரணம். வன்னிக்குப் போய்க் குடியேறியவர்களும் கொழும்பில் கடை கண்ணியில் இருப்பவர்களும் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொள்வது மூன்றாவது. அதை நான் குறை சொல்லமாட்டேன், பிள்ளைக்கு ஒரு வேலை கேட்கப் போகுமிடத்தில் தோட்டத்து முகவரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எண்ணிக்கை இறங்கினால் ஆசனம் இறங்கும், ஒதுக்கீடு இறங்கும், தமிழில் வேலை பார்க்கும் பிரதேச செயலகம் கேட்டால் ‘உங்களில் எத்தனை பேர்?’ என்பார்கள்.

பொருளாதாரம் என்று நான் உனக்குச் சொல்ல என்ன இருக்கிறது. 2022இல் நீ ஏன் போனாய் என்று உனக்கே தெரியும். 2019 கடைசியில் வரியைக் குறைத்தார்கள், கொரோனாவில் சுற்றுலா படுத்தது, 2021இல் இரசாயன உரத்தைத் தடுத்தார்கள், இருந்த டொலரை எடுத்துக் கடனைக் கட்டினார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு எழுபதைத் தொட்டது. டவுனில் காஸ் கியூவைத்தான் டீவியில் காட்டினார்கள். தோட்டத்தில் காஸ் எங்கே இருக்கிறது, அங்கே விழுந்த அடி கோதுமை மாவு விலையில். மூன்று வேளையும் ரொட்டி தின்ற வீட்டில் ஒரு வேளை ஆனது.

பிறகு சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் கிட்டத்தட்ட 300 கோடி டொலருக்கு ஒப்புக்கொண்டது. அவர்களிடம் நாம் போனது அது பதினேழாவது தடவை. விலை ஏறும் வேகம் அடங்கியது, ஏறிய விலை இறங்கவில்லை. என் பென்சனுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நாட்டைத் தூக்கி நிறுத்தியதில் உன்னைப் போன்றவர்களுக்குப் பெரிய பங்கு. 2022இலிருந்து வருடத்துக்கு மூன்று லட்சம் பேர் அளவில் வேலைக்காக வெளிநாடு போகிறார்கள். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் 2024இல் அனுப்பியது 650 கோடி டொலருக்கு மேல். அந்த வருடம் தேயிலை கொண்டுவந்தது 143 கோடி. அப்போது கொழுந்து பறித்தவளின் கூடைக்குள் நாடு உட்கார்ந்திருந்தது, இப்போது குவைத்தில் வீட்டு வேலை செய்பவளின் பெட்டிக்குள். அந்தப் பெண் அங்கிருந்து வாக்களிக்க முடியாது, தேர்தல் அன்று ஊரில் இருக்க வேண்டும். இதைக் கேட்டால் உனக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா?

தோட்டத்துச் சம்பளத்துக்கு 2021இல் நாள் 1,000 ரூபாய் ஆக்கவே அவ்வளவு போராட்டம். 2024இல் 1,350. 2026 பட்ஜெட்டில் ஊக்கத்தொகையோடு சேர்த்து 1,750 என்று அறிவித்தார்கள். பறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற வழக்கம் போகாதவரை இந்த எண்களை நான் முழுதாக நம்பமாட்டேன். 2019 கணக்குப்படி நாட்டில் ஏழைகள் நூற்றுக்குப் பதினான்கு, தோட்டத்தில் முப்பத்துநாலு.

அரசாங்கம் மாறியதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு, உன் மாமாவுக்கு இல்லை. 2022 ஜூலையில் ஜனங்கள் மாளிகைக்குள் போய் ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டே ஓட வைத்தார்கள். 2024 செப்டெம்பரில் யாருக்கும் பாதி கிடைக்காமல் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணித்தான் அநுர குமார திசாநாயக்கவை ஜனாதிபதியாகத் தேர்ந்தார்கள். நவம்பரில் அவருடைய கட்சிக்கு 225இல் 159 ஆசனம். ஆனால் அந்த ஜனாதிபதிப் பதவி 1978இல் செய்து வைத்த அதே பதவிதான். அதை ஒழிப்போம் என்று சொல்லாத ஆள் இல்லை, ஒழித்த ஆளும் இல்லை. மாகாண சபைக்குப் பத்து வருடத்துக்கு மேலாகத் தேர்தலே நடக்கவில்லை. இத்தனையிலும் எனக்குச் சந்தோஷம் தந்தது ஒன்று. பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கலைச்செல்வி, மலையகத்துப் பெண்கள் வாக்கு வாங்கிப் பாராளுமன்றம் போனார்கள். தாத்தா இருந்திருந்தால் ‘என்ன, பொம்பளப் புள்ளையா?’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, பிறகு எல்லோரிடமும் அதையே சொல்லித் திரிந்திருப்பார்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலை சரிந்ததை நீ போனில் பார்த்தாய். நாடு முழுக்க அறுநூறுக்கு மேல் செத்துப்போனார்கள். வீடு போனவர்களுக்கு வீடு கட்டலாம் என்றால், காணி யாருடையது என்ற கேள்வி வருகிறது. லயம் கம்பனியின் கையில், நிலம் அரசாங்கத்துடையது, இருநூறு வருடம் இருந்தவனுக்குக் காணி உறுதிப்பத்திரம் கிடையாது. நமக்கு ஹட்டனில் இருக்கும் பத்துப் பேர்ச் காணியும் அப்பா கடன்பட்டு வாங்கியது. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. வாரிசாக வருவதற்கு விலக்கு உண்டு, ஆகவே நம் வீடு உனக்குப் போகாது என்று பயப்படாதே. ஆனால் பக்கத்துத் துண்டை வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அதற்கு இரட்டைப் பிரஜாவுரிமை வேண்டும். வாக்குக்கும் அது வேண்டும். பாராளுமன்றத்துக்குப் போட்டியிட மட்டும் அது விடாது. 2015இல் தடுத்தார்கள், 2020இல் விட்டார்கள், 2022இல் மறுபடி தடுத்துவிட்டார்கள். உனக்கு அந்த ஆசை இருந்தால் இப்போதே சொல்லிவிடு, விண்ணப்பத்தை வேறு மாதிரி யோசிப்போம்.

திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போய் உன் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி எடுக்கிறேன். பழையதில் அப்பாவின் பேரைச் சிங்களத்தில் எழுதும்போது ஒரு எழுத்தை விட்டிருக்கிறார்கள், பாஸ்போர்ட்டில் சரியாக இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கட்டாயம் திருப்பி அனுப்புவார்கள், ஆகவே ஒரு சத்தியக்கடதாசியும் முடித்து வைக்கிறேன். உன் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து, ஸ்கேன் செய்து அக்காவுக்கு அனுப்பு. எனக்கு அனுப்பினால் போன் நின்றுவிடுகிறது. சத்தியப்பிரமாணத் திகதி எப்போது என்று முதலில் எழுது.

அன்புடன்,
அம்மா