சாலைக்கும் மலைக்கும் ஒரே சப்பாத்து என்று விற்றது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
இடம்: பினாங்கு
தேதி: 26 மே 2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

இது நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் மின்னஞ்சல். இரண்டுக்கும் பதில் போட்டீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அந்த இரண்டு பதில்களும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அதனால் இந்த முறை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

கடந்த மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை காலை, பேரங்காடியில் இருக்கும் உங்கள் சொந்தக் கடையில் 489 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு ஜோடி ஓட்டச் சப்பாத்து வாங்கினேன். பெட்டியின் மேல் ஒரு பாதி தார்ச்சாலை, மறு பாதி மலைத்தடம் என்று படம் போட்டு, இரண்டுக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தது. சப்பாத்தின் அடியில் பிடிமானத்துக்காக இருக்கும் ரப்பர்ப் பற்களின் உயரம் 4 மில்லிமீட்டர் என்றும், மழை நீர் புகாது என்றும் அட்டையில் இருந்தது.

வாங்குவதற்கு முன் நான் எங்கே ஓடுகிறேன் என்று கடைப் பையனிடம் விளக்கமாகவே சொன்னேன். வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்து வந்து, புலாவ் திக்குஸிலிருந்து கர்னி டிரைவ் பக்கம் 6 கிலோமீட்டர். எல்லாம் தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து தண்ணீர்மலைப் பக்கமாக மூன் கேட் வரை தாரில் போய், அங்கிருந்து மண்தடத்தில் கொடிமலையில் இருக்கும் '84' என்ற ஓய்விடத்துக்கு ஏறி, ஜீப் பாதை வழியாகத் தாவரவியல் பூங்காவுக்கு இறங்கி, திரும்ப வீடு. மொத்தம் சுமார் 13 கிலோமீட்டர். கொடிமலை ஏறுகிறவர்களுக்கு அந்த மண்தடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செம்மண் படி, படிக்குப் படி குறுக்கே ஓடும் வேர், மழை பெய்த மறுநாள் எல்லாமே சோப்புப் போட்டது போல இருக்கும். ஜீப் பாதை அதற்கு நேர்மாறு. செங்குத்தான தார், மரநிழலில் ஓரமெல்லாம் பாசி.

அந்தத் தம்பி சொன்னது இது: "அங்கிள், ரெண்டு ஜோடியெல்லாம் வேணாம். இது ஒண்ணு போதும். ரோட்டுக்கும் ஓகே, புக்கிட் ஏறுறதுக்கும் ஓகே."

அவரை நான் குறை சொல்லவில்லை. அட்டையில் இருந்ததைத்தான் அவர் வாயால் சொன்னார். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அன்று காலை நான் இரண்டு ஜோடி வாங்கும் எண்ணத்தில்தான் வந்தேன். ஒன்று சாலைக்கு, ஒன்று மலைக்கு. வேண்டாம் என்றது உங்கள் கடை.

சரி, இனி நடந்ததற்கு வருகிறேன்.

முதலில் மழை. ஏப்ரல் தொடங்கியதும் மாலை வேளைகளில் இங்கே எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும். நீர் புகாத துணி என்பது புல்லில் பனி படர்ந்திருக்கும் ஊருக்கு, குளிர் நாட்டுச் சேற்றுக்கு நல்லதாக இருக்கலாம். இங்கே தண்ணீர் துணி வழியாகவா வருகிறது? காலில் வழிந்து கணுக்கால் வழியாக உள்ளே இறங்குகிறது. மழை இல்லாவிட்டால் வியர்வை இறங்குகிறது. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை, ஏனென்றால் நீர் புகாத துணி நீரை வெளியேயும் விடாது. ஒருநாள் நனைந்து வந்ததும் ஒரு சப்பாத்தை என் மனைவி மாவு நிறுக்கும் தராசில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தபோது 318 கிராம், இப்போது 447. (அந்தத் தராசுக்குப் பதிலாக இப்போது புதிது வாங்கியாகிவிட்டது. அந்தச் செலவை உங்களிடம் கேட்கவில்லை.) சாதாரண வலைத்துணிச் சப்பாத்து என்றால் நாலு எட்டு வைத்ததும் பாதித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளியிருக்கும்.

ஆனாலும் இது என் முக்கியப் புகார் இல்லை. வலது கால் பெருவிரல் நகம் கறுத்ததும் இல்லை. அதில் பாதித் தவறு என்னுடையது. காலையில், குளிர்சாதன அறையில், மெல்லிய காலுறையோடு போட்டுப் பார்த்து அளவு சரி என்று சொன்னேன். கால் மாலையில் வீங்கும், ஓடினால் இன்னும் வீங்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டிருக்க வேண்டும். இறக்கத்தில் விரல் போய் முன்பக்கம் முட்டியது. இதைக் கடையில் யாராவது சொல்லியிருக்கலாம், ஆனால் எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

முக்கியப் புகார் சப்பாத்தின் அடிப்பாகம் பற்றியது.

ஏப்ரல் 20, ஞாயிறு. முதல் நாள் இரவு மழை. மூன் கேட்டிலிருந்து கால்மணி நேரம் ஏறியதும் பற்களுக்கு இடையில் செம்மண் அடைத்துக்கொண்டது. பற்கள் நெருக்கமாக இருப்பதால் மண் உதிரவில்லை. கொஞ்ச நேரத்தில் சப்பாத்துக்கு அடியில் மண்ணால் இன்னொரு சோல் போட்டது போல ஆகிவிட்டது. மண்மேல் மண் எப்படிப் பிடிக்கும்? வேரைப் பிடித்துப் பிடித்து ஏறி 84-க்குப் போய்ச் சேர்ந்தேன். அப்புறம் ஜீப் பாதையில் இறங்கும்போது, மண்ணெல்லாம் உதிர்ந்த பிறகு, ஈரத் தாரில் இரண்டாவது வளைவிலேயே வழுக்கி விழுந்தேன். முழங்கை தோல் போனது, இடுப்பில் நான்கு நாள் வலி. மண்ணில் வழுக்கினால் பல்லைக் குறை சொல்லலாம். ஈரத் தாரிலும் ஈரக் கல்லிலும் பல்லின் உயரம் உதவாது, ரப்பரின் தன்மைதான் பிடிக்க வேண்டும். இந்த ரப்பர் கெட்டியானது, நகத்தால் அழுத்தினால் அசையவில்லை.

நான் எழுந்து உட்கார்ந்திருந்தபோது எழுபது வயதைத் தாண்டிய ஒரு சீனப் பெரியவர் என்னைத் தாண்டி இறங்கினார். கையில் தடி, காலில் இங்கே எல்லோரும் வேடிக்கையாகக் 'கம்போங் அடிடாஸ்' என்று சொல்லும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து. இருபது வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கும் சாமான். என் அப்பா கெடாவில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் போட்டதும் இதே ஜாதிதான். மெதுமெதுவென்ற ரப்பர், அடியில் குட்டிக் குட்டி முளைகள், ஈரத்தில் பல்லி மாதிரி ஒட்டும். அதைப் போட்டுக்கொண்டு தாரில் 6 கிலோமீட்டர் ஓட முடியாது, முழங்கால் போய்விடும், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சப்பாத்தை விற்கிறவர் சாலைக்கும் ஏற்றது என்று பெட்டியில் படம் போடுவதில்லை.

சரி, ரப்பர் கெட்டி என்றால் தாரிலாவது உழைக்க வேண்டும் அல்லவா? இங்கே கொடுக்கல் வாங்கல் ஒன்று உண்டு. மென்மையான ரப்பர் ஈரத்தில் பிடிக்கும், தாரில் சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் ஈரத்தில் வழுக்கும், தாரில் நீடிக்கும். வழுக்கலை வாங்கிக்கொண்ட எனக்கு நீடிப்பாவது கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. காரணம், எடையைக் குறைக்கவோ என்னவோ, குதிகாலின் வெளி ஓரத்தில் ரப்பரைச் சின்ன வில்லையாக மட்டும் ஒட்டி, மிச்சத்தை நுரையாகவே விட்டிருக்கிறீர்கள். என் கைக்கடிகாரக் கணக்கில் 238 கிலோமீட்டரில் அந்த வில்லை போய், 20 காசு நாணயம் அளவுக்கு வெள்ளை நுரை வெளியே தெரிகிறது. ஓட்டச் சப்பாத்து 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிகூட வரவில்லை.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 23 ஆண்டுகளாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். கண்ணால் பார்த்து 'தேய்ந்துவிட்டது' என்று எழுதினால் எங்கள் இடத்தில் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். முன்பாதத்தின் வெளி ஓரத்துப் பற்கள்: வலது 1.4 மில்லிமீட்டர், இடது 1.5. பாதத்தின் நடுவளைவில் தரையே படாத பற்கள் இருக்கின்றன, அவற்றில் வார்ப்பின் பளபளப்புகூடப் போகவில்லை. அவற்றின் உயரம் 3.1. அட்டையில் இருப்பது 4. நடுவில் பற்களைக் குட்டையாகத்தான் வார்ப்போம் என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் 4 என்பது எந்தப் பல்லின் அளவு என்று எழுத்தில் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் பதில்கள். மே 2 அன்று நான் அனுப்பிய முதல் மின்னஞ்சலுக்கு உங்கள் அதிகாரி ஒருவர், சப்பாத்தைத் தாரில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதால் பற்கள் தேய்ந்தன, இது உற்பத்திக் குறை ஆகாது என்று எழுதினார். பல் வைத்த சப்பாத்து தாரில் தேயும் என்பது எனக்கும் தெரியும். மண்ணில் பல் உள்ளே இறங்கும், பாரம் அடிப்பாகம் முழுக்கப் பரவும். தாரில் முழுப் பாரமும் பல்லின் நுனியில் நிற்கும், ஒவ்வோர் எட்டுக்கும் பல் வளைந்து உரசும். அதனால்தானே வாங்கும்போதே சொன்னேன், வாரத்துக்கு 31 கிலோமீட்டரில் மண் மூன்று கிலோமீட்டர்கூட வராது என்று?

அதை விளக்கி இரண்டாவது மின்னஞ்சல் போட்டேன். இந்த முறை வேறோர் அதிகாரி. இந்த ரகச் சப்பாத்து இலகுவான தடங்களுக்கு மட்டுமே, வேரும் ஏற்றமும் உள்ள மலைப்பாதைக்கு உகந்ததல்ல, ஆகவே வழுக்கியதற்குப் பொறுப்பேற்க இயலாது என்றார்.

ஆக, தாரில் ஓடினால் அது என் குற்றம், மலையில் ஏறினால் அதுவும் என் குற்றம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். நீங்கள் இரண்டு காலையும் எடுக்கச் சொல்கிறீர்கள். பெட்டியின் படத்தில் இருக்கும் அந்த இரண்டு பாதியில் நான் எதில் ஓடியிருக்க வேண்டும்? 'இலகுவான தடம்' என்ற சொல் பெட்டியிலும் இல்லை, அட்டையிலும் இல்லை, உங்கள் இணையப் பக்கத்திலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். புகார் செய்த பிறகுதான் அது முளைக்கிறது. இந்தத் தீவில் சமதளமாக, வேர் இல்லாமல், சரளை போட்ட தடம் எங்கே இருக்கிறது என்று உங்கள் அதிகாரிக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன்.

ரசீதின் அடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று அச்சடித்திருக்கிறீர்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை அந்த ஒரு வரியால் தள்ளி வைக்க முடியாது. எதற்காக வாங்குகிறேன் என்று வாங்குகிறவர் சொல்லி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு நியாயமான அளவில் ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 33-ஆம் பிரிவு. சொன்ன வருணனைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 34. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய 5 வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞரும் தேவையில்லை. 489 வெள்ளிக்காக அங்கே போக எனக்கு ஆசை இல்லை. போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நான் கேட்பது 489 வெள்ளியை முழுமையாகத் திருப்பித் தருவதுதான். அதே மாதிரியில் இன்னொரு ஜோடி வேண்டாம். பணத்துக்குப் பதிலாகக் கடையில் பொருள் வாங்கிக்கொள்ளும் பற்றுச்சீட்டும் (வவுச்சர்) வேண்டாம். கூடவே, அட்டையை மாற்றுங்கள். பல் எவ்வளவு உயரம், ரப்பர் மென்மையா கெட்டியா, ஈரக் கல்லுக்கு ஆகுமா ஆகாதா, தார் எவ்வளவு மண் எவ்வளவு என்ற கணக்கில் ஓடுகிறவருக்கு இது பொருந்தும், இவ்வளவும் இரண்டு வரியில் அடங்கும். வீட்டிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தாரில் போய், மிச்சத்தையெல்லாம் காய்ந்த காட்டுத்தடத்தில் ஓடுகிறவருக்கு இந்தச் சப்பாத்து நன்றாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கடையில் "வாரத்தில் எத்தனை கிலோமீட்டர் தார்?" என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுங்கள். நான் அதைக் கேட்காமலேயே சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போதைக்கு வார நாட்களில் என் பழைய சாலைச் சப்பாத்து, ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் கொடுத்த மலைச் சப்பாத்து. பல் 5 மில்லிமீட்டர், இடைவெளி விட்டு வைத்தது, மண் தானாக உதிர்கிறது. மூன் கேட் வரை அதைத் தாரில் தேய்க்க மனம் வராமல் மோட்டார் சைக்கிளில் போய் இறங்குகிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். புலனத்தில் (வாட்ஸ்அப்) அழைத்துப் பேச வேண்டாம், போன முறை பேசியதை யாரும் குறித்து வைக்கவில்லை. ரசீதின் நகல், பெட்டி அட்டையின் படம், வெர்னியர் அளவோடு எடுத்த ஆறு படங்கள், உங்கள் இரண்டு மின்னஞ்சல்களின் அச்சு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். சப்பாத்து பெட்டியில் அப்படியே இருக்கிறது, கழுவவில்லை. கேட்டால் கடைக்குக் கொண்டு வருகிறேன், ஆனால் மாலை 6 மணிக்கு மேல்தான் முடியும்.

இப்படிக்கு,
ரசீதில் பெயர் உள்ள வாடிக்கையாளர்